தரையில் படாத குதிகால்

அளவு டேப்போடு யாராவது என் பக்கத்தில் வந்தால் என் குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிடும். தானாக எழும்புகிறது என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான்தான் எழுப்புகிறேன். என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். இதை இதற்கு முன்னால் எங்கேயும் எழுதியதில்லை. யாராவது கேட்டால் ஐந்து நாலு என்பேன். கேட்டவர் போன பிறகு, நம்பியிருப்பாரா என்று அரை நாள் யோசித்துக்கொண்டிருப்பேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயருக்கு உயரப்படி நிறுத்துவார்கள். வருடா வருடம் வரிசையில் முதல் ஆள் நான்தான். எனக்குப் பின்னால் நின்றவன் ஒவ்வொரு வருடமும் நாலைந்து பேர் தள்ளிப் பின்னால் போய்க்கொண்டே இருப்பான். தீபாவளிக்கு டவுசர் தைக்கக் கொடுக்கும்போது அப்பா தையல்காரரிடம், "வளர்ற பய, ரெண்டு இஞ்சு விட்டுத் தைங்க" என்பார். டவுசர் நைந்து கிழியும். அந்த இரண்டு இஞ்சு வந்து சேராது. அடுத்த வருடமும் அதே கடை, அதே பேச்சு. அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் முதல்முதலாகக் குதிகாலைத் தூக்கினேன்.

பெரிய ஆளானதும் துணியால் உயரத்தைச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். பெரிய துணி போட்டால் பெரிய ஆளாகத் தெரிவோம் என்பது என் கணக்கு. தொடை பாதி வரை இறங்கும் சட்டை, உள்ளங்கை அகலத்துக்குக் கட்டம், தடித்த அடி வைத்த செருப்பு. பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுவேன். விசேஷங்களுக்கு நாலு விரல் அகலத்துக்கு ஜரிகைக் கரை போட்ட வேட்டி. வேட்டியில் ஒரு வசதி, உள்ளே குதிகால் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பேண்ட்டுகளை விருதுநகர் பஜாரில் ஒருவர் பதினைந்து வருடம் எனக்குத் தைத்துக் கொடுத்தார். ஒன்றுகூடத் தரையில் புரண்டதில்லை. பிறகு அவர் கடையை மூடிவிட்டு மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார்.

நான் வேலை பார்ப்பது சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில். ஆலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பட்டாசுக்குப் போடும் ரசாயனப் பொடிக்கு மருந்து என்று பெயர். மருந்து புழங்கும் இடத்தில் நைலான், பாலியெஸ்டர் கூடாது, பருத்திதான். ஒன்றோடு ஒன்று உரசிப் பொறி வந்துவிடக் கூடாது. பேண்ட்டின் அடியை மடித்துவிடவும் கூடாது, மடிப்புக்குள் மருந்து போய்ச் சேரும். செருப்பைக் கேட்டுக்குப் பக்கத்திலேயே கழற்றிவிட வேண்டும். என் தடித்த அடிச் செருப்பு தினமும் காலையில் அங்கேயே நின்றுவிடும். உள்ளே போகும்போது நான் என் அசல் உயரத்தில் போவேன்.

போன வருடம் ஆண்கள் முப்பத்தாறு பேருக்கும் பருத்தியில் யூனிபாரம் தைப்பது என்று கம்பெனியில் முடிவு செய்தார்கள். ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில், என் தெருவுக்கு அடுத்த தெருவில், ஒரு பெண் தையல் கடை வைத்திருக்கிறார். முன்பு தீப்பெட்டி ஆபீஸில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். அதுவரை ஜாக்கெட்டும் சுடிதாரும்தான் தைத்தார். ஆம்பளைத் துணிக்கும் கை நன்றாக வரும், ஆனால் யாரும் கொடுப்பதில்லை. இந்த ஒரு ஆர்டர் கிடைத்தால் பெயர் நின்றுவிடும் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். மனைவி என்னை உலுக்கி எடுத்தாள். நான் நாலு நாள் தயங்கிப் போர்மேனிடம் கேட்டேன். "ஒரு செட்டு சாம்பிள் தைக்கச் சொல்லுய்யா. உனக்கே தைக்கச் சொல்லு. போட்டுட்டு வா, பாப்போம்" என்றார் அவர்.

ஆக, முப்பத்தாறு பேருக்கும் சாம்பிள் உடம்பு என் உடம்பு.

கடையில் இரண்டு பெண்கள் ஜாக்கெட் வாங்க உட்கார்ந்திருந்தார்கள். நான் போட்டிருந்த கட்டம்போட்ட சட்டையைத் தையற்காரப் பெண் மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீக. இதுல நீங்க எங்க முடியுறீக, சட்டை எங்க முடியுதுன்னே தெரியல."

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

"உங்களுக்கு மேல்பாதி நீளம்ணே, கால்தான் கொஞ்சம் கட்டை. அம்புட்டு நீளமாச் சட்டை போட்டா இருக்க காலும் காணாமப் போயிரும். பேண்ட் பாக்கெட்டுல பாதி மறைஞ்சாப் போதும். இம்புட்டுப் பெரிய கட்டம் வேணாம், பிளெயினாப் போடுங்க. பேண்ட்டை எறக்கிப் போடாதீக, தொப்புளுக்குக் கிட்ட ஏத்திப் போடுங்க. யூனிபாரம் மேலயும் கீழயும் ஒரே கலரு. உங்களுக்கு நல்லா எடுப்பா இருக்கும் பாருங்க."

அத்தனையும் என் நன்மைக்குச் சொன்னது. என் காதில் விழுந்தது 'கட்டை' ஒன்றுதான்.

அடுத்து பேண்ட் அளவு. ஆம்பளை இடுப்பில் கை வைக்கக் கூச்சப்பட்டு, டேப்பின் ஒரு முனையை என் மனைவியிடம் கொடுத்து இடுப்பில் பிடிக்கச் சொன்னார். மறு முனையோடு தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். அவர் கண் என் குதிகாலுக்கு நேராக இருந்தது.

"அண்ணே, குதிகாலைக் கீழ வைங்க."

"கீழதானம்மா இருக்கு."

அண்ணாந்து என்னைப் பார்த்தார். என் குரல் கொஞ்சம் விறைப்பாக இருந்திருக்கும். என் மனைவி சுவரைப் பார்த்தாள். ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் என் காலைப் பார்த்தார்கள்.

"சரிண்ணே" என்று நோட்டில் எழுதினார். "பேண்ட் உயரம் முப்பத்தெட்டு."

ஐந்தாம் நாள் சாயங்காலம் போய் வாங்கினேன். கடையிலேயே போட்டுப் பாருங்கள் என்றார். மாட்டேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் பேண்ட் பாதத்தை மூடித் தரையில் கிடந்தது. கொண்டுபோய்க் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் அடியை வெட்டித் தைத்துவிடுவார். ஆனால் மறுபடி டேப் வரும், மறுபடி அந்த எண் வரும். மறுநாள் காலையில் இரண்டு மடிப்பு மடித்துப் போட்டுக்கொண்டு கம்பெனி வேன் ஏறினேன். போர்மேன் சட்டையைத்தான் பார்ப்பார், காலைப் பார்க்க மாட்டார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

அவர் முதலில் பார்த்ததே காலைத்தான்.

"என்னய்யா இது, மடிப்பு? உள்ள மருந்து சேந்தா என்னாகும்? எத்தனை வருசமா வேலை பாக்க?"

சுற்றிலும் ஆட்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்னேன், யோசிக்காமல், சரளமாக:

"அந்தப் பொம்பளைக்கு ஜாக்கெட்டுதான் தைக்கத் தெரியும் போல, அண்ணாச்சி. ஆம்பளைக்கு அளவெடுக்கத் தெரியல."

"அப்ப வேணாம்யா. மருந்துகிட்ட விளையாட முடியாது. வேற ஆளைப் பாப்போம்." பேண்ட்டைக் கழற்றிவிட்டு, கேட்டு அறையில் கிடந்த பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

அன்று முழுக்க எனக்குப் பயம், ஆனால் நான் சொன்ன பொய்யைப் பற்றி அல்ல. நான் குட்டை என்பதைப் போர்மேன் இப்போது அளவோடு தெரிந்துகொண்டிருப்பாரோ என்றுதான். என் புத்தி அந்த இடத்தில்தான் நின்றது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளறையில் படுத்திருந்தேன், எழுந்து வரவில்லை. என் பழைய பேண்ட்டுகளைக் கேட்டு வாங்கி, பாயில் விரித்து டேப்பை வைத்த சத்தம் கேட்டது.

"பாருக்கா, முப்பத்தாறு. எல்லாப் பேண்ட்டும் முப்பத்தாறு. முன்னாடி தச்சவருக்குத் தெரிஞ்சிருக்கு. டேப்புல வந்ததை வாயில சொல்லிட்டு, ரெண்டைக் குறைச்சு எழுதிருக்காரு. நான் வாயில சொன்னதையே எழுதிட்டேன்."

என் மனைவி பேண்ட்டுகளை உதறி மடிக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு அளவெடுக்கத் தெரியலன்னு வேன்ல வர்ற ஆளுக எல்லாம் சொல்லுதாகக்கா. நேத்து ஒருத்தவுக தைக்கக் குடுத்த மகன் சட்டைத் துணியத் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டாக."

பதினைந்து வருடம் ஒரு மனிதர் என் பொய்யை என்னிடமிருந்தே மறைத்து, எனக்குச் சரியாகத் தைத்துக் கொடுத்திருக்கிறார். நான் என் குதிகாலால் எல்லோரையும் ஏமாற்றியதாக நினைத்திருந்தேன். போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன். நாற்பத்தாறு வயது ஆள்.

அவர் போனதும் மனைவி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"குதிகாலைத் தூக்கிக்கிட்டுத்தான நின்னீக?"

"ஆமா."

"கல்யாண போட்டோவுலயே தூக்கிக்கிட்டுத்தான் நிக்கிறீக. வேட்டி முன்னாடி பொங்கிக்கிட்டு நிக்கும். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீகளா? நீங்க எம்புட்டு உயரம்னு பாத்தா நான் கட்டிக்கிட்டேன்? இப்ப அவ பேரு கெட்டுப்போச்சே, அதுக்கு என்ன செய்யப் போறீக?"

போர்மேனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். திங்கட்கிழமை சொல்லவில்லை, அவர் கோபமாக இருந்தார். செவ்வாய்க்கிழமை கேட்டில் கூட்டம். புதன்கிழமை காரணமே கிடையாது, வாய் வரவில்லை. வேனில் உட்கார்ந்து மனசுக்குள் வசனம் ஒத்திகை பார்ப்பேன். இறங்கும்போது எல்லாம் மறந்துபோகும். வியாழக்கிழமை காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, அந்தப் பேண்ட் விஷயம். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் அளவெடுக்கையில குதிகாலைத் தூக்கிக்கிட்டு நின்னேன். கீழ வைன்னு சொல்லுச்சு. கீழதான் இருக்குன்னு பொய் சொன்னேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது, இன்னும் சத்தமாக. பிறகு சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். "ஏலே, இவன் நின்னு காட்டட்டும்லே" என்றான் ஒருவன். "பூந்தொட்டி மேல ஏத்தி அளவெடுக்கச் சொல்லிருக்கலாம்ல?" என்றான் இன்னொருவன். அது எனக்கு வலிக்கவில்லை. போர்மேன் சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னதுதான் வலித்தது.

"இதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்லய்யா. நேத்துதான விருதுநகர்க் கடைக்கு ஆர்டர் குடுத்தோம். ரெடிமேடே குடுத்துருதோம்னுட்டான்."

நேற்று. புதன்கிழமை. வாய் வராத அந்த நாள்.

அதற்குப் பிறகு வேனிலும் ஆபீஸிலும் எனக்குக் குதிகால் என்று பெயர். ஏறும்போது, "குதிகாலு வந்துட்டாருப்பா, தலை இடிக்கும், பாத்து" என்பார்கள். அந்தக் கேலியில் ஒரு நல்லது இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அளவெடுக்கத் தெரியாது என்ற பேச்சு போய், இந்தப் பேச்சு வந்தது. ஆனால் போன ஆர்டர் போனதுதான்.

அந்த நாட்களில் ஒரு காரியம் செய்தேன். அந்தக் கட்டம்போட்ட சட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, பிளெயின் சட்டை ஒன்றைப் பேண்ட் பாக்கெட் பாதி மறையும் அளவுக்கு வெட்டி மடித்துத் தைத்துத் தரச் சொன்னேன். மனைவி கையால் தைத்தாள். பேண்ட்டைத் தொப்புளுக்குக் கிட்ட ஏற்றிப் போட்டுக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் நின்றேன். எனக்குக் கால் வந்திருந்தது. உண்மையாகவே இடுப்புக்குக் கீழே ஒரு ஆள் இருந்தான். அகலக் கரை வேட்டியையும் மடித்து வைத்துவிட்டு, ஒரு விரல் கரை வேட்டி எடுத்தேன். அதுவும் அப்படித்தான். தடித்த கரை ஆளை இரண்டாக வெட்டுகிறது, ஒல்லிக் கரை வெட்டுவதில்லை. குட்டையாக இருப்பவன் பெரிய துணிக்குள் ஒளிந்தால் இன்னும் குட்டையாகிறான். இத்தனை வயதுக்கு மேல் இதைத் தெரிந்துகொண்டேன். இதைச் சொன்ன ஆளின் பிழைப்பில்தான் மண் போட்டேன். யாராவது என்னைப் பார்த்து, "என்னய்யா, எடுப்பா இருக்கியே" என்றால் தலையைத் தாழ்த்திக்கொள்வேன்.

யூனிபாரம் வந்தது. மூன்றே அளவில் வந்தது, சின்னது, நடுத்தரம், பெரியது. இடுப்பு சரியாக இருந்தவனுக்கு உயரம் சரியாக இல்லை. பாதிப் பேருக்கு அடி தரையில் புரண்டது. "யாரும் மடிச்சு விடக்கூடாது. வெட்டித் தச்சுட்டு வாங்க" என்று போர்மேன் சத்தம் போட்டார். "ஆமத்தூர்ப் பக்கம் அந்தப் பொண்ணு இருக்குல்லா, அங்க குடுங்க." இருபது பேர் போல அவரிடம் கொடுத்தார்கள். அடி வெட்டும் வேலை. முப்பத்தாறு பேருக்குப் புதிதாகத் தைப்பதும் இதுவும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும்.

கடைசி ஆளாக நான் போனேன். மனைவியும் வந்தாள். கடையில் என் வேன் ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். அந்தப் பெண் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அண்ணே என்று கூப்பிடவில்லை. பேண்ட்டை வாங்கிக்கொண்டு, திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். டேப்பின் முனையை மனைவி கையில் கொடுத்துவிட்டுத் தரையில் குத்தவைத்தார்.

என்னை மன்னிச்சிரும்மா என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர் சொன்னார், தலையை நிமிர்த்தாமல்:

"குதிகாலைக் கீழ வைங்க."

குனிந்து பார்த்தேன். இரண்டு குதிகாலும் கீழேதான் இருந்தன. சிமெண்டுத் தரையின் சில்லிப்பு நன்றாகத் தெரிந்தது.

"சரிம்மா" என்றேன்.

"முப்பத்தாறு" என்று சொல்லி, முப்பத்தாறு என்றே எழுதினார்.