மேல் நம்பர் பன்னிரண்டு

1. "போன்ல சொல்றேன் பாய்"

தேங்காய்த்திட்டு துறைமுகத்தை ஒட்டி ஜி.பி.எஸ்., வாக்கி டாக்கி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் நான் நடுநடுங்கிப் போனது ஓர் ஐப்பசி மத்தியானம். புயல் எச்சரிக்கை வந்து படகுகள் கரை திரும்பிக்கொண்டிருந்தன. கடையில் இருந்த வாக்கி டாக்கி செட்டில் ஏழுமலையின் குரல் கேட்டது. வீராம்பட்டினத்துக்காரர், விசைப்படகு டிரைவர்.

"பாய், எஞ்சின் நின்னுபோச்சு. காத்து வேற ஏறுது. மேல் நம்பர் பன்னெண்டு."

"கீழ் நம்பர்?"

"போன்ல சொல்றேன் பாய். இதுல எல்லாவனும் கேப்பான்."

அதற்குப் பிறகு செட்டில் அவர் குரல் வரவில்லை. அவ்வளவு தூரத்தில் போனுக்கு சிக்னல் ஏது?

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். ஜி.பி.எஸ். திரையில் மேலே அட்சரேகை, கீழே தீர்க்கரேகை. எங்கள் டிரைவர்கள் மேல் நம்பரைத் தாராளமாகச் சொல்வார்கள். கீழ் நம்பரைப் பெற்ற தாயிடமும் சொல்லமாட்டார்கள். இரண்டும் சேர்ந்தால் மீன் அண்டும் பாறை எங்கே என்று தெரிந்துவிடும். மறுநாளே அங்கே பத்துப் படகு நிற்கும்.

2. கோடு

செட்டில் கேட்டவர்கள் சொல்லி, ஏழுமலையின் மனைவி செல்வி ஓடிவந்தார். கடைச் சுவரில் ஓர் உலகப்படம் மாட்டியிருந்தேன்.

"பன்னெண்டுன்னா எது பாய்? காட்டுங்க."

விரலை வைத்தேன். பன்னிரண்டாவது கோடு ஊருக்கு வடக்கே, காலாப்பட்டு போகிற வழியில், ரோட்டைத் தாண்டிக் கடலில் இறங்குகிறது. அப்புறம் தண்ணீர், தண்ணீர், அந்தமான். அதையும் தாண்டி பர்மா, தாய்லாந்து, கம்போடியா. அதற்கப்பால், என் எதிர்வீட்டுக் குடும்பத்தார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, வேலை பார்த்த வியட்நாம். என் விரல் எங்கேயும் நிற்கவில்லை.

"இதுல அவரு எங்க?"

"இந்தக் கோட்டுல எங்கியோ இருக்காரும்மா."

"கோடு எங்க முடியுது?"

அது முடியாது. ஆப்பிரிக்காவைத் தாண்டி, கேரளா வழியாக மறுபடி இங்கேயே வரும். அதைச் சொல்லாமல் படத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டேன்.

"பர்மாவுல போயி ஒதுங்குனாக்கூடப் போதும் பாய். உசுரு இருந்தா போதும்."

கடலோரக் காவல்படைக்குச் சொன்னோம். உடனே கிளம்பத் தயாராக இருந்தார்கள். அவர்களும் கீழ் நம்பரைத்தான் கேட்டார்கள். வெளியே கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. மைக்கைப் பிடித்து, "யாருக்காச்சும் ஏழுமலையோட எடம் தெரியுமா?" என்று கெஞ்சினேன்.

3. கீழ் நம்பர்

கடைசியில் ஒரு குரல் வந்தது. தனசேகர். ஏழுமலையோடு பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இன்னொரு டிரைவர்.

"எம்பது, பதினாறு. அந்தப் பாறைக்கிட்டத்தான் இருப்பான்."

"உனக்கு எப்படிப்பா தெரியும்?"

செட் கரகரத்தது. துறைமுகமே கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆடி மாசத்துலேர்ந்து அவன் பின்னாலயே போயிக்கினு இருக்கேன் பாய். அவன் வலைய வாரிக்கினு போனதும் நான் எறங்குவேன். திருட்டுதான். இப்ப எவனாவது எங்கூட வர்றீங்களா?"

மூன்று படகுகள் கிளம்பின. காவல்படைக்கும் நம்பரைக் கொடுத்தேன். செல்வி உலகப்படத்தின் பக்கமே திரும்பாமல் செட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அல்லாவிடம் துஆ கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பாறையிலிருந்து நீரோட்டம் இழுத்த பக்கமாகத் தேடிப்போய், இருட்டும் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். படகில் பாதித் தண்ணீர்; நனைந்து செட்டும் செத்துப்போயிருந்தது. ஆட்கள் அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள். தனசேகர் கயிறு வீசியபோது ஏழுமலை அதைப் பிடிக்கவில்லையாம்.

"இந்த எடம் உனக்கு எப்படிடா தெரியும்?"

"ஏறுடா மொதல்ல. மேல வந்து அடி."

மேல் நம்பரை மட்டும் வைத்து ஓர் ஆளைத் தேடுவதென்றால் உலகத்தையே சுற்ற வேண்டும். செட் மாட்டிக் கொடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிவிடுகிறேன். தலையாட்டுவார்கள். ஏழுமலை இன்றைக்கும் மைக்கில் கீழ் நம்பரைச் சொல்வதில்லை. ஆனால் கரையை விடும் முன் தனசேகரைத் தனியாகக் கூப்பிட்டு, காதில் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.