தெருவோரம் நிற்கிறவள்

வத்தலக்குண்டில் கொடைக்கானல் பஸ்ஸைத் தவறவிட்ட எரிச்சலோடு டூரிங் கொட்டகையில் மணல்தரையில் உட்கார்ந்திருக்கிறேன். மெயின் படத்துக்கு முன்னால் ஒரு துண்டுப்படம் ஓடுகிறது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய மெட்ராஸ் தெரு. குதிரை வண்டிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்கின்றன. தலையில் கூடையோடு ஒருத்தி தெருவைக் கடக்கப் பார்க்கிறாள், பின்வாங்குகிறாள், மறுபடி பார்க்கிறாள். அதற்குள் துண்டுப்படம் முடிந்துவிடுகிறது.

பக்கத்தில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் தக்காளி விற்கிற அம்மா என் பக்கம் திரும்புகிறார்.

"தம்பி, அவ அங்கிட்டுப் போனாளா இல்லையா?"

"அது அம்பது வருஷத்துக்கு முந்தி எடுத்ததும்மா."

"அப்ப அம்பது வருஷமாவா அங்கனயே நிக்கிறா?"

அவர் எழுந்து ஆபரேட்டரைப் பார்த்துக் கத்துகிறார். "ஏப்பா, அத இன்னொருக்காப் போடு!"

மெயின் படம் தொடங்கியும் அவர் உட்காரவில்லை. பின்னால் இருப்பவர்கள் திட்டுகிறார்கள். அப்புறம் அவர்களும் சேர்ந்து கத்துகிறார்கள். ஆபரேட்டர் முனகிக்கொண்டே துண்டுப்படத்தை மறுபடி ஓட்டுகிறார்.

"வண்டி வரல, போ தாயி!" இந்தத் தடவை நானும் கத்துகிறேன். கடைசி நொடியில் அவள் ஒரு காலைத் தெருவில் வைக்கிறாள். முதல் தடவை ஓடியபோது யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. திரை வெளுக்கிறது.

"காலெடுத்து வச்சுட்டாள்ல," என்றபடி அந்த அம்மா இப்போதுதான் உட்காருகிறார். "இனி போயிருவா."