மூன்று வயரும் ஐந்து ஊசியும்

முன்பெல்லாம் கச்சேரிகளில் என் அம்புக்கு, அதுதான் கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டிக்கு, பின்னால் ஒருவன் நிற்பான். பாட்டு ஓடும்போது கிற்றாரின் சத்தம் தெளிவாக இருக்க வேண்டும். தனி வாசிப்பு வந்தால் அது கரகரத்துப் பெருக வேண்டும். அம்பில் அதற்கொரு சின்ன விசை இருக்கிறது. அதைத் தட்டுவதுதான் அவன் வேலை. நான் தலையாட்டக்கூடத் தேவையில்லை. என்னோடு ஒரே ஒழுங்கையில், ஒரே சந்துக்குள் வளர்ந்தவன். ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது, துணைக்கு விடுகிறேன் என்று தானும் விட்டவன். கல்யாண வீடுகளில் யாராவது, "உவன் என்ன வாசிக்கிறவன்?" என்று கேட்பார்கள். எங்கள் குழுவை நடத்தும் கீபோர்ட் அண்ணை, "உவன் கிற்றார்காரன்ரை வலது கை" என்பார். "இல்லை அண்ணை, இடது கால்" என்று அவன் திருத்துவான்.

அவன் பிரான்ஸுக்குப் போன பிறகு நடந்த முதல் கச்சேரியில் தனி வாசிப்புக்கு வந்தேன். சத்தம் மாறவில்லை. திரும்பிப் பார்த்தேன். யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தல் ஒன்று நின்றது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் கால்பெடல் வாங்கினேன். பெடலை மிதித்தால் அது மிடி வயர் வழியாக அம்புக்குச் சொல்லும், அம்ப் தானாக மாறும். வயரின் இரண்டு முனையிலும் வட்டத் தலை, தலைக்குள் ஐந்து ஊசி. அதில் சத்தம் போவதில்லை, கட்டளை மட்டும் போகிறது. கட்டளை போகாவிட்டால் நாலுபேர் முன்னால் நான் ஒற்றைக் காலைத் தூக்கி மிதித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெரு முடக்குவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான். பெடலோடு வந்த பழைய வயரோ தலை சேரும் கழுத்தில் வெடித்திருந்தது. அந்த இடத்தில் தொட்டால் பெடலின் விளக்குகள் கண்சிமிட்டும். எனக்கு நித்திரை எப்படி வரும்?

இப்படியிருக்கும்போது அவன் பிரான்ஸிலிருந்து போன் எடுத்தான். "தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்திட்டுதடா."

"நல்ல விசயம். நீ வாறியோ?"

"எப்பிடி வாறது? விசாக் காட் இன்னும் கிடைக்கேல்லை. வெளிக்கிட்டால் திரும்பி உள்ளுக்கை விடான்." பிறகு ஒன்று கேட்டான். "ரிசெப்சனிலை எங்கடை மெட்டை அடி. நான் போனிலை நிப்பன். மாறுற இடம் எனக்கு வடிவாய்க் கேக்கோணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

நாங்கள் இருவரும் சேர்ந்து உண்டாக்கிய மெட்டு அது. நான் வயரின் கழுத்தைப் பற்றிச் சொன்னேன்.

"உதுக்கோ அழுகிறாய்? இஞ்சையிருந்து ஒரிஜினல் அனுப்புறன். மாமி வரேக்கை கொண்டுவருவா."

கல்யாணத்துக்கு வந்த மாமியின் பெட்டியில், சொக்லேற்றுகளுக்கு நடுவே, ஒரு காலுறைக்குள் அந்த வயர் வந்தது. கனமான இரும்புத் தலை, பொன்னிற ஊசிகள், தடித்த கறுப்புத் தோல். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுச் சாமானைக் குறை சொல்வதில்லை. அனுப்பிய சேட் இறுக்கினாலும் மூச்சைப் பிடித்துப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். சப்பாத்து கடித்தாலும் படத்தில் சிரிக்க வேண்டும். அதற்குப் பிறகு அது அலுமாரிக்குள் போகலாம். அவனும் வழமைப்படி, "போட்டிட்டுப் படம் அனுப்பு" என்றான்.

போட்டேன். பெடலில் ஒரு விளக்கும் எரியவில்லை. கழற்றிப் போட்டேன், முனை மாற்றிப் போட்டேன், அம்பை நிற்பாட்டிப் போட்டேன். வெடித்த பழைய வயரைச் செருகினால் எரிந்தது. அவனுடையதைச் செருகினால் இருட்டு. கடைசியில் அவனுடைய வயரைச் செருகி, சிரித்துக்கொண்டு படம் எடுத்து அனுப்பினேன்.

உடனே எடுத்தான். "பெடல் லைற் ஏன் எரியேல்லை?"

"அம்பைப் போடேல்லையடா."

"உனக்குப் பின்னாலை அம்பின்ரை சிவப்பு லைற் எரியுது. ஆருக்குச் சுத்துறாய்?"

போனை வைக்காமலே வயரின் தலையைத் திருகித் திறந்து பார்த்தேன். வெளியே ஐந்து ஊசி இருந்தாலும் உள்ளே மூன்றுக்குத்தான் வயர் வந்திருந்தது. கட்டளை போவதற்கு மூன்று போதும். அநேகமான பெடல்களுக்கு அது நல்ல வயர்தான். என்னுடைய பெடல் மற்ற இரண்டு ஊசிகளின் வழியாக அம்பிலிருந்து கரண்ட் எடுக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியவந்தது. பெடலோடு வந்த ஆங்கிலத் தாளில் நான் படங்களை மட்டுந்தான் பார்த்திருந்தேன்.

"வயரிலை பிழையில்லை மச்சான். என்ரை பெடல்தான் வேறை மாதிரி" என்றேன்.

அவன் வேலைசெய்யும் ரெஸ்டோரண்டில் கோப்பைகள் கழுவும் சத்தம் பின்னால் கேட்டது. "கடைக்காரனுக்கு நான் கதைக்கிறது விளங்கேல்லை. கையை விரிச்சு அஞ்சு விரலையும் காட்டினனான். அவனும் ஓமெண்டு தலையாட்டினவன்" என்றான். "ரெயினிலை மடியிலை வைச்சுக்கொண்டு வந்தனான்ரா."

நான் அந்த வயரின் தலையைத் திரும்ப மூடித் திருகினேன்.

"சரி விடு. நல்லதாய் ஒண்டு பாத்து வாங்கு. எனக்குக் கேக்கோணும், அவ்வளவுதான்."

அவன் அனுப்பியதைக் காலுறைக்குள்ளேயே திரும்ப வைத்தேன். வயர் தொடுப்பைப் பார்க்கும் மீற்றர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணம் ரவுணுக்கு பஸ் ஏறினேன். முதல் கடையில் எடுத்துத் தந்த வயரின் தலை உருக்கி ஒட்டியது, திறக்க வழியில்லை. ஒரு முனை ஊசியையும் மறுமுனை ஊசியையும் மீற்றரால் தொட்டேன். மூன்றுக்குக் கீச்சிட்டது, இரண்டுக்கு மௌனம். அடுத்த கடையில் ஐந்தும் கீச்சிட்டன. ஆனால் கழுத்தை வளைத்தபோது ஒன்று விட்டுவிட்டு வந்தது. வைத்துவிட்டேன். அதற்கடுத்த கடைக்காரர் என்னையும் மீற்றரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தம்பி, வயர் வாங்க வந்தனியளோ, சாதகம் பாக்க வந்தனியளோ?"

"கலியாணத்துக்குத்தான் அண்ணை. அஞ்சு பொருத்தமும் வேணும்."

சிரித்துவிட்டு உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்துவந்தார். மினுக்கம் இல்லாத வயர். தலையைத் திருகித் திறக்கலாம். ஐந்து வயரும் ஈயம் நன்றாகப் பிடித்து இருந்தன. கழுத்தில் ஒரு இறுக்கி தோலைப் பிடித்திருந்தது, இழுவை ஈயத்தில் விழாது. வளைத்தேன், முறுக்கினேன், இழுத்தேன், கீச்சு நிற்கவில்லை. நீளமானதைக் காட்டினார், வேண்டாமென்றேன். அம்பிலிருந்து என் காலுக்கு வந்து, கொஞ்சம் தளர்ந்து கிடந்தால் போதும். மிச்சம் சுருண்டு கிடந்தால் யாருடைய காலிலோ மாட்டும். அதே மாதிரி இரண்டு வாங்கினேன்.

மருதனார்மடத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. கரண்ட் வயர்கள் ஒரு பக்கத்தால் போக, மிடி வயரை மறுபக்கத்தால் கொண்டுவந்து நிலத்தோடு ஒட்டினேன். ஒட்டியதைத் தடவிப் பார்த்தேன். பிறகும் தடவினேன். "அது பாம்பில்லை, ஓடாது" என்றார் கீபோர்ட் அண்ணை.

எங்கள் முறை வந்ததும் பொம்பிளை, அவனுடைய தங்கச்சி, கதிரையை விட்டு எழும்பி, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி மேடையின் ஓரத்துக்கு வந்தாள். கையில் போன். "கிற்றார் அண்ணை, எங்கடை அண்ணை லைனிலை. முன்னுக்கு ஸ்பீக்கர் இரையுது, இதிலை நிக்கிறன்" என்று அம்புக்குப் பின்னால் போய் நின்றாள்.

வாசித்தேன். மாறும் இடம் வந்தது. மிதித்தேன். சத்தம் விரிந்து மண்டபத்தை நிறைத்தது. பெடல் இருந்தும், வயர் வேலை செய்தும், என் கழுத்து பழக்கத்தில் திரும்பிவிட்டது. அம்புக்குப் பின்னால் போனுக்குள் அவன் நின்றான். சமையல்காரத் தொப்பி, முதுகுக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள், கண்ணை மூடியிருந்தான்.

முடிந்ததும் போனை வாங்கினேன். "கேட்டதோ?"

"கேட்டது." மூக்கை உறிஞ்சினான். "ஆனால் முந்தி மாத்திப்போட்டாய்."

"தாளத்திலை சரியாய் மிதிச்சனான்ரா!"

"அதுதான் பிழை. நான் கொஞ்சம் பிந்தித்தான் தட்டுறனான். முதல் சுரம் பழைய சத்தத்திலையே வந்து, அது அடங்கேக்கை மாறும்."

"நெற் பிந்தி வருது, அதாலை உனக்கு அப்பிடிக் கேக்குது."

"பிந்தினால் எல்லாம்தானே சேந்து பிந்தும், மொக்கா."

இத்தனை வருடம் அவன் பிந்தித் தட்டியதை நான் அறியவேயில்லை. இப்போது வேலையால் வந்து பின்னேரங்களில் பழகிப் பார்க்கிறேன். வயர் ஒருநாளும் ஏமாற்றுவதில்லை, மிதித்த கணத்தில் மாறுகிறது. வேண்டுமென்று காத்திருந்து மிதித்தால், காத்திருந்தது கேட்கிறது. பதிவுசெய்து அனுப்புகிறேன். "இன்னும் முந்தித்தான் மாத்துறாய்" என்று வரும். பிறகு, "இப்ப அளவுக்கு மிஞ்சிப் பிந்திட்டாய்" என்று வரும். போன கிழமை, "விடு, நான் வந்து காட்டுறன்" என்றான்.

எப்போது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது ஒரு மாதத்தைச் சொல்லுவான். நான் அதை நம்பிவிடுவேன்.