ஜன்னலில் விளக்கு எரிகிறதா?

போன வாரம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மக்கர் செய்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கும்பகோணத்தில் ஜமால் பாய் கடைக்குப் போனேன். கடைத்தெருவில் விளக்கு போட்டு வெகு நேரமாகியிருந்தது. "கொஞ்சம் சார்ஜ் ஏறட்டும் சார், உக்காருங்க" என்றார் பாய்.

வெளியே தூறல். உள்ளே சார்ஜில் கிடந்த பேட்டரிகள் மெல்லக் கொப்பளிக்கும் சத்தம்... வாய்க்காலில் புதுத்தண்ணீர் வரும்போது இப்படித்தான் முணுமுணுக்கும். எனக்குக் கண் சொக்கியது.

சுவரில் டி.வி. வளைகுடாப் பக்கம் சண்டை. ஒரு சேனலில் இவர்கள் ஜெயிக்கிறார்கள் — மாற்றினால் அவர்கள். பக்கத்தில் காத்திருந்த ரிட்டயர்டு வாத்தியார் இரண்டு பக்கத்துக்கும் மார்க் போட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே பாய்க்கும் அறிவுரை.

"இனிமே லித்தியம்தான் பாய். தண்ணி ஊத்த வேணாம், ஆசிட் நாத்தம் இல்ல. நீங்களும் மாறிடுங்க."

பாய் காதில் வாங்கவில்லை. டி.வி.க்கு அருகில் போய் நின்றார். நிருபரைப் பார்க்கவில்லை; நிருபரின் தோளுக்குப் பின்னால் தெரிந்த மாடிவீடுகளைப் பார்த்தார்.

"சார், அந்த ஜன்னல்ல லைட் எரியுதா பாருங்க. எனக்குச் சரியாத் தெரியல."

"எரியுதே பாய்."

"அப்ப கரண்ட் இருக்கு. போன் சார்ஜ் ஏறியிருக்கும்."

பிறகுதான் சொன்னார். மகளும் மாப்பிள்ளையும் அந்த ஊரில்தான் இருக்கிறார்களாம். 'சார்ஜ் தீரப்போவுது அத்தா' என்று முந்தின நாள் சொன்னவள்தான்... அதற்கப்புறம் பேச்சே இல்லை.

சேனலை மாற்றினார். அதே ஊர், அதே நேரலை என்றார்கள். ஒரே இருட்டு!

எதை நம்புவது? தூறலைப் பார்த்தபடி, அந்த இருட்டுக்குள் அணைந்த போனோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். யார் ஜெயிப்பார்கள் என்று தொண்டை வறளக் கத்துகிறார்களே — எந்தத் தெருவில் கரண்ட் இருக்கிறது என்று ஒருவராவது சொல்லக் கூடாதா?

போன் அடித்தது. பாய் பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"அத்தா, இங்க ஊர் முழுக்க கரண்ட் இல்ல. காரை ஸ்டார்ட் பண்ணி இப்பத்தான் சார்ஜ் போட்டோம். நல்லா இருக்கோம், பயப்படாதீங்க."

ஆக, விளக்கு எரிந்த சேனல் ஏதோ பழைய படத்தைப் போட்டிருக்கிறது. அதைத் திட்டக்கூட அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

பாய் பேசி முடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் டீ சொன்னார். ஸ்டூலை இழுத்துப் போட்டு வாத்தியாருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க சார்... யார் பக்கம் நியாயம்?"