இடது பக்கத்து ஸ்டேரிங்

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகவே எனக்குப் பல வருடங்கள் ஓடிவிட்டன. அம்மா உயிரோடு இருந்தவரை எழுதக் கூடாது என்றிருந்தேன். அம்மா போன பிறகும் கை வரவில்லை. பிளாஸ்டிக் ஒட்டுகிற பசையின் காரமான வாசனை எந்தக் கடை வாசலிலாவது மூக்கில் ஏறினால் போதும், நான் மறுபடி ஏழாம் வகுப்புப் பையனாகி, திண்டுக்கல்லில் எங்கள் வாடகை வீட்டுத் தரையில் குப்புறப் படுத்துவிடுகிறேன்.

என் அப்பா டாக்சி ஸ்டாண்டில் அம்பாசிடர் ஓட்டியவர். ஒரு நாள் காலை பக்கத்திலிருக்கும் எரியோட்டுக்கு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, "செத்த நேரத்துல வந்துர்றேன், வெஞ்சனத்த மூடி வையி" என்று அம்மாவிடம் சொல்லிப் போனவர் திரும்பவே இல்லை. வண்டியும் கிடைக்கவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம், ஸ்டாண்டுக்காரர்கள் வேடசந்தூர், கரூர் என்று தேடி அலைந்தார்கள், இரண்டு மாதம் போனதும் அவரவர் சவாரியைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

எங்கள் அம்மன் கோயிலில் கை நோவுக்குக் கை, கண் நோவுக்குக் கண் என்று வெள்ளித் தகட்டில் "உருவாரம்" வாங்கிச் சாத்துவார்கள். காருக்கு உருவாரம் எந்தக் கடையிலும் இல்லை. "பொம்மைக் காரா இருந்தாலும் நம்ம வண்டி மாதிரி அச்சு அசலா இருக்கணும் அப்பு. ஊரெல்லாம் வெள்ளக் காரு ஓடுது, ஆத்தா எதுன்னு கண்டுபிடிப்பா?" என்று அம்மா என்னிடம் பொறுப்பை விட்டாள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் வெளிநாட்டுச் சாமான் விற்ற பாய் கடையில், துண்டு துண்டாக வருவதை நாமே சேர்க்கிற "ஒட்டுற காரு" இருந்தது. அம்பாசிடர் இல்லை, அதைப் போலவே மூக்கு உருண்ட பழைய வெளிநாட்டுக் கார்தான், இரண்டு பெட்டிகளில். ஒன்றில் உடம்பு முழுவதும் ஒரே வார்ப்பு, கண்ணாடிகள் கறுப்பு, உள்ளே ஒன்றுமே கிடையாது. மற்றதில் கதவு திறக்கும், பானெட்டுக்குள் எஞ்சின் இருக்கும், சீட்டு, கியர், ஸ்டேரிங் எல்லாம் நகக்கண் அளவுத் துண்டுகளாக இருக்கும். மூன்று நாள் போய்ப் போய்ப் பார்த்து நின்றேன்.

"ஏலே, காரு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றார் பாய். "சின்னத எடுத்துட்டுப் போ, ஒரே நாள்ல முடிஞ்சிரும். பெருசு ஒனக்கு ஏலாது."

"உள்ள சீட்டு வேணும் பாய். எங்கப்பா உக்காரணும்ல."

அவர் பெரிய பெட்டியை எடுத்துத் துடைத்து, இன்னொரு பசைக் குழாயையும் சேர்த்து வைத்துக் கொடுத்தார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் ஒட்டினேன். வெள்ளை அடித்தேன், குண்டூசியால் வண்டி நம்பரைக் கீறினேன், நெருப்பில் காட்டிய கரண்டியை வைத்துப் பின்கதவில் அப்பா வண்டிக்கு இருந்த நசுங்கலைக்கூடக் கொண்டுவந்தேன். கடைசியாக ஸ்டேரிங்கை எடுத்தபோதுதான் அது மாட்டும் ஓட்டை இடது பக்கம் மட்டுமே இருந்ததைக் கண்டேன். ஆணியைக் காய்ச்சி வலது பக்கம் துளைக்கப் பார்த்தேன், பிளாஸ்டிக் இளகி ஒழுகத் தொடங்கியது. மறுநாள் வெள்ளிக்கிழமை, பூசாரியிடம் அம்மா சொல்லிவைத்தாயிற்று. இடது பக்கமே ஒட்டிவிட்டேன்.

கோயிலில் அதை முதலில் கவனித்தவர் அப்பாவோடு ஸ்டாண்டில் இருந்த செல்லையா மாமா. "ஏலே, இதென்ன ஸ்டேரிங் அந்தப் பக்கம் இருக்கு? இது நம்ம ரோட்டுல ஓடாதுடா" என்று சிரித்தார். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள், மணிச்சத்தத்தில் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில், "எல்லாஞ் சரியா வச்சியா அப்பு?" என்றாள். "சரியா வச்சேம்மா" என்றேன்.

அந்த ஒரு பொய்யை வைத்துக்கொண்டு அம்மா முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தாள். தாலியைக் கழற்றச் சொல்லி வந்த சொந்தக்காரர்களிடம், "எம்புள்ள சீட்டு மொதக்கொண்டு செஞ்சு வச்சிருக்கான், ஆத்தாவுக்கு அடையாளம் தெரியாமப் போகுமா?" என்று சொல்லி வாயை அடைத்தாள். கடைசிப் படுக்கையிலும் தெருவில் ஹாரன் கேட்டால் கழுத்தைத் திருப்பினாள். சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து, கால் பிடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

நான் அம்மனைக் குறை சொல்லவில்லை, இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறேன். என் மனதில் இருப்பது இவ்வளவுதான்: உள்ளே ஒன்றுமில்லாத அந்தக் கறுப்புக் கண்ணாடிக் காரை வைத்திருந்தால், நான் சொல்லாமல் விட்டதை ஆத்தாவே அறிந்திருப்பாள். எல்லாவற்றையும் சொல்லப் போய், ஒன்றைப் பொய்யாகச் சொல்லிவிட்டேன்.

பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. ஸ்டாண்டில் ஒரு அம்பாசிடரும் இல்லை. என் மகள் போனில் பொம்மைக் கார் தேடியபோது அம்பாசிடரே வந்தது, வெள்ளை நிறம், ஸ்டேரிங் வலது பக்கம். வாங்கவாப்பா என்றாள். இனி யாருக்காக வாங்குவது? அப்பா இருந்தால் எண்பது தாண்டியிருக்கும்; இருப்பார் என்று நான் நம்பவில்லை.

ஆனாலும் இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வெள்ளை அம்பாசிடர், பின்கதவில் நசுங்கல், ஓட்டியவர் குள்ளம், தாடையில் வெட்டுத் தழும்பு, ஏறியவர்கள் மூன்று பேர். அன்று அவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்பது எனக்கு நினைவில்லை. நீங்களும் ஒரு நிறத்தைச் சேர்த்துவிடாதீர்கள்.