மோனிக்கைக் குளிப்பாட்டப் போனேன்

இந்த ஊரில் பஸ் டிரைவர் என்னை 'மேம்' என்கிறார். ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. அமெரிக்கா வந்த புதிதில் அதைக் கேட்பதற்காகவே வேலையில்லாத நாளிலும் பஸ் ஏறியிருக்கிறேன். நான் திருநங்கை. இலங்கையில், மாத்தளையிலிருந்து எல்கடுவ போகும் பஸ்ஸில் கொண்டக்டர், "டிக்கெட்டு தம்பிக்கா, தங்கச்சிக்கா?" என்று கேட்டு மொத்த பஸ்ஸையும் சிரிக்க வைப்பான். அதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு ஒரு 'மேம்' எவ்வளவு பெரிதென்று உங்களுக்கே புரியும்.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டவள் மோனிக். சலவைக்கடையில் என்னோடு துணி மடித்தவள். கறுப்பினப் பெண், என்னைப் போலவே திருநங்கை. "அந்த மரியாதை பஸ்ஸோடு சரி. இறங்கினால் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்து நட. நான் கறுப்பி வேறு, எனக்கு இரட்டைப் பயம்" என்பாள். எனக்கு அப்போது அவள் மிகைப்படுத்துவதாகத்தான் தோன்றியது.

போன மாதம், வேலை முடிந்து வீட்டுக்கு நடந்தவளைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். 'ஓர் ஆணின் சடலம்' என்றது பொலிஸ். அவள் எப்போதோ தூக்கியெறிந்த பெயரைத் தோண்டியெடுத்துச் செய்தியில் வாசித்தார்கள். கொன்றவனைத் தேட அவர்களுக்கு அந்த அவசரம் இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பொம்பளை செத்தால் பொம்பளைகள்தான் குளிப்பாட்ட வேண்டும். லயத்து வீட்டு வரிசையின் கோடியில் சேலையை மறைப்பாகக் கட்டி, ஆம்பளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிடுவார்கள். அந்த நினைப்பில் மஞ்சள்தூளையும் சீயக்காயையும், கடையில் அவள் தனக்கென்று அயன் பண்ணி மாட்டியிருந்த பச்சைக் கவுனையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சடலத்தை வைத்திருந்த ஈமச்சடங்கு நிலையத்துக்குப் போனேன்.

"நீங்கள் குடும்பமா?" என்றார் அங்கிருந்தவர்.

"இல்லை. குளிப்பாட்ட வந்திருக்கிறேன்."

"மன்னிக்கவும், இப்போது வேலைக்கு ஆள் எடுக்கவில்லை, மேம்."

கடைசியாக ஒருமுறை பார்க்க மட்டும் என்று கேட்டு உள்ளே போனேன். எல்லாம் முடிந்திருந்தது. அவள் தகப்பன் கேட்டபடி முடியை ஒட்ட வெட்டி, கோட்டும் டையும் மாட்டிப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். அந்த முடியை அவள் எவ்வளவு ஆசையாக வளர்த்தாள் என்று எனக்குத் தெரியும். பெட்டிப் பக்கத்தில் அழக்கூட முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நகரசபை முன்னால் நியாயம் கேட்டு நிற்க வாருங்கள் என்று இங்குள்ள நம் கோயிலில் போய்க் கூப்பிட்டேன். "அது கறுப்பங்க பிரச்சன. நமக்கு எதுக்குங்க?" என்றார் ஒரு மாத்தளைக்காரர். யாரோ தன்னை இளக்காரமாகத் 'தோட்டக்காட்டான்' என்றதை இன்றும் சொல்லிச் சொல்லிப் பொருமுகிற மனிதர் அவர். அவர் வாயிலிருந்து 'கறுப்பங்க'! வெட்கமில்லையா என்று கோயில் வாசலிலேயே கத்தினேன். உங்களிடமும் கத்துகிறேன். அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயரைச் சொல்லுங்கள். கொன்றவனைப் பிடி என்று பொலிஸைக் கேளுங்கள். அடுத்தவள் சாவதற்கு முன்னால் வாயைத் திறங்கள். நகரசபை வாசலில் மோனிக்கின் சிநேகிதிகளோடு நின்ற தமிழச்சி நான் ஒருத்திதான்.

அன்று எல்கடுவவில் கொழுந்து பறிக்கிற என் அக்காவுக்குப் போன் எடுத்தேன். நான் செத்து ஊருக்குக் கொண்டுவந்தால் என்னை யார் குளிப்பாட்டுவார்கள் என்று கேட்டேன்.

"கதவ சாத்திக்கிட்டு நானே குளிப்பாட்டுவேன் புள்ள. மஞ்சளும் பூசி விடுவேன். ஆனா வெளிய எடுக்கிறப்ப ஆம்பளைங்க வந்து ஒனக்கு வேட்டிதான் கட்டுவாங்க. என்னால தடுக்க ஏலாது."

அந்தப் பை இன்னும் என் அறைக் கதவில் தொங்குகிறது. மோனிக்கின் சிநேகிதிகளிடம், எனக்கு ஏதாவது ஆனால் அந்தக் கவுனைப் போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சீயக்காயை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது.