தோமையார் மலையில் நான் சொன்னது

சுனாமி வந்துபோன மறுவருடம் என் தம்பி இறந்தான். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. காலை ஷிப்டில் உலை வெடித்தது. அவனோடு வடநாட்டுப் பையன்கள் இரண்டு பேரும் போனார்கள்.

அப்பா முன்பே இல்லை. சென்னையில் ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு நானும் தாய்மாமாவும்தான் போனோம். அங்கிருந்த ஆள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "உள்ள வரியாம்மா? பாத்து அடையாளம் சொல்லணும்" என்றார். என்னால் அந்த நிலைப்படியைத் தாண்ட முடியவில்லை. மாமா மட்டும் போய்விட்டு உடனே வெளியே வந்தார். "உயரம் சரியாத்தான் கீது. அவன்தான்" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

பெட்டியை மூடி ஆணியடித்துக் கொண்டுவந்தோம். பொன்னேரிக்கு அந்தாண்டை எங்கள் ஊர்க் கல்லறையில் அன்றே அடக்கம். அம்மா அழவில்லை. குழிக்குப் பக்கத்தில் நின்று, "இதுல கீறது எம் புள்ளைன்னு யாரு பாத்தது?" என்று கேட்டாள்.

ஒரு மாதம் கழித்து மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்கிட்ட மறைக்கக் கூடாதும்மா. துணிய எடுத்தாங்க, நான் கண்ண மூடிக்கினேன். மூணு பேரும் வரிசையா கெடந்தாங்க. உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

அம்மா அவனுக்காகக் காத்திருந்தாள். கம்பெனி பஸ் ரோட்டில் நின்றால் எழுந்துபோய் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு வருவாள். எங்கள் பங்குச் சாமியார் அவளுக்கு அப்போஸ்தலர் தோமையாரைப் பற்றிச் சொன்னார். அவரும் உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினார், ஆனால் பார்க்காமல் நம்புவதுதான் பெரிது, சென்னையில் அவர் பேரில் இருக்கும் மலைக்குப் போய் வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். அம்மா முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள். "அந்த மனுஷனுக்கு என் கஷ்டம் புரியும்" என்றாள்.

அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி ரயிலில் சென்ட்ரலுக்குப் போவோம். அங்கிருந்து பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து இன்னொரு ரயிலில் தோமையார் மலை இருக்கும் பரங்கிமலை. அம்மாவுக்கு மூட்டு வலி. சிலுவைப் பாதையின் ஒவ்வொரு நிலையிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் படியேறுவாள். மேலே அந்தப் பழைய கோயிலுக்குள், அப்போஸ்தலர் தம் கையால் செதுக்கியது என்று சொல்லும் கல் சிலுவைக்கு முன்னால் முழங்கால் போடுவாள். பத்து மாதம் அப்படிப் போனோம்.

கடைசியாகப் போன அன்று, தோமையாரின் எலும்பு என்று கண்ணாடிக்குள் வைத்திருக்கும் சிறு துண்டுக்கு முன்னால் நின்றவள் நகரவே இல்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. நான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். மதில் ஓரமாக உட்கார்ந்தாள். கீழே மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது.

"எத்தினியோ நூறு வருஷத்துக்கு முன்னாடி செத்தவரு. அவரு எலும்பக் கண்ணாடில வெச்சிக் காட்றாங்க. எம் புள்ளைய எனக்குக் காட்டலியேடி" என்றாள். பிறகு என் முகத்தைத் திருப்பி, "நீதான அங்க போன. நீ தொட்டுப் பாத்தியா?" என்று கேட்டாள்.

அவள் கால்கள் வீங்கியிருந்தன. எனக்கும் களைப்பு. இது என்றைக்காவது முடிந்தால் போதும் என்றிருந்தது.

"பாத்தேம்மா. கையத் தொட்டேன். நம்ம தம்பிதான்."

"மூஞ்சி?"

"நல்லாத்தான் இருந்துச்சி. தூங்கறாப்பல."

அவள் என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையை மெதுவாகத் தடவினாள். அப்புறம்தான் அழுதாள். அடக்கத்தன்று அழ வேண்டியதையெல்லாம் அங்கே, சுற்றுலா வந்தவர்கள் பார்க்கப் பார்க்க, அழுது தீர்த்தாள். அவளுக்கு இனி ஆறிவிடும் என்று நினைத்தேன்.

ஆறவில்லை. அம்மா அதற்குப் பிறகு ரோட்டுக்குப் போகவில்லை, மலைக்கும் வரவில்லை. கல்லறைத் திருநாளுக்கு முதல் தடவையாக அவன் குழியில் மெழுகுவத்தி ஏற்றினாள். பிறகு சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. கூப்பிட்டால் மட்டும், "இன்னா?" என்பாள். காத்துக்கொண்டிருந்த வரைக்கும் அவளுக்கு எழுந்து நடக்க ஒரு காரணம் இருந்தது. அதை நான் எடுத்துவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் ஒரு சாதாரணக் காய்ச்சல் நான்கே நாளில் அவளைக் கொண்டுபோனது.

அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார், அன்பினால் சொன்னதுதானே என்று மன்னிப்பு வழங்கி, மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து மூன்றையும் சொன்னேன். மனசில் பாரம் ஒன்றும் இறங்கவில்லை. மணியாகிவிட்டது என்று வேலைக்குப் போனேன்.